குப்பை என்னும் சொல்

பணச்சந்தையைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் இலக்கிய அன்பர்களுக்கு ஒரு மோசடிக்காரன் தேவைப்படுகிறான். மைக்கேல் மில்கனைப் பற்றி நூல்கள் உண்டு. அவற்றைச் சுவைத்துப் படித்தவர்களும் உண்டு. மார்ட்டின் ஃப்ரிட்சன் என்று சொன்னால் 'யார் அவர்?' என்கிறார்கள். இந்த ரசனையோடு நமக்கு வழக்கு இருக்கிறது.

ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் அளவுகோலில் பிபிபி மைனஸுக்குக் கீழே தரம் குறிக்கப்பட்ட நிறுவனக் கடன் பத்திரங்களை வால் ஸ்ட்ரீட் 'ஜங்க்', அதாவது குப்பை என்றழைக்கிறது. கடன் திரும்பாமற்போகும் அபாயம் அதிகம். அதற்கு ஈடாக வட்டியும் அதிகம். 1980களில் டிரெக்சல் பர்ன்ஹாம் லாம்பர்ட் நிறுவனத்தில் இருந்தபடி இச்சந்தையைப் பெருக்கியவர் மில்கன். 1990 பிப்ரவரியில் டிரெக்சல் திவாலாயிற்று. ஏப்ரலில் மில்கன் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து இத்துறையே களவு என்று தீர்ப்பெழுதி மூடிவிட்டோம்.

ஃப்ரிட்சன் ஹார்வர்டில் வரலாறு படித்தவர். பிறகுதான் வணிக மேலாண்மைக்குச் சென்றார். சாலமன் பிரதர்ஸ், மார்கன் ஸ்டான்லி, மெரில் லிஞ்ச் என்று நீண்டது அவர் பணி. விற்பது அன்று, வாசிப்பதே அவர் வேலை. எந்த நிறுவனம் தவணை தவறும், தரப்படும் கூடுதல் வட்டி அந்த அபாயத்துக்குப் போதுமா என்பவையே அவர் கேள்விகள். 1991இல் முதற்பதிப்பு கண்ட அவருடைய நிதிநிலை அறிக்கை ஆய்வு நூல் பல பதிப்புகள் கண்டது. நிறுவனம் கணக்கு வெளியிடுவது உண்மையைச் சொல்வதற்காக அன்று, மலிவாக மூலதனம் திரட்டுவதற்காக; ஆகவே ஐயத்தோடு வாசி என்பது அந்நூலின் அடிப்படை. பிரதியின் உள்நோக்கத்தைத் தேடு என்று நாம் வகுப்பறையில் சொல்வதும் இதுதானே? 2000இல் நிலை வருமான ஆய்வாளர் சங்கம் தன் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தது.

'பத்திரம் விற்கும் நிறுவனத்திடம் சம்பளம் வாங்கியவர்தானே?' என்பார்கள். நியாயமான ஐயம். அதற்கு விடை மெரில் லிஞ்சிலேயே இருக்கிறது. 2002இல் நியூயார்க் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் அந்நிறுவனத்தின் மின்னஞ்சல்களை வெளியிட்டார். வெளியே வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்த இணையப் பங்கு ஒன்றை, உள்ளே 'குப்பை' என்றே எழுதியிருந்தார் ஹென்றி பிளாட்ஜெட் என்ற பங்கு ஆய்வாளர். மெரில் 10 கோடி டாலர் கட்டியது; 2003இல் பிளாட்ஜெட்டுக்குப் பங்குத் தொழிலில் வாழ்நாள் தடை விழுந்தது.

இந்த முரணைக் கவனியுங்கள். குப்பை என்று வெளிப்படையாகப் பெயர் சுமந்த சரக்கின் அபாயத்தை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பிரிவு. தான் குப்பையென்று கருதியதைப் பொன்னென்று பரிந்துரைத்தது அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு. சம்பளம் தந்த நிறுவனம் ஒன்றுதான். வாசிப்பின் நேர்மைதான் வேறு.

ஃப்ரிட்சன் தவறாதவர் என்று நாம் வாதிடவில்லை. அவர் கணிப்புக்குத் தேதியும் எண்ணும் உண்டு. ஓராண்டு கழித்து எவரும் சரிபார்க்கலாம். 'இந்த நூற்றாண்டின் மகத்தான நாவல்' என்று முன்னுரை எழுதுகிற நம் விமர்சகர்களில் எத்தனைபேர் அத்தகைய சோதனைக்கு உடன்படுவார்கள்? கள்வனின் கதையை இலக்கியமென்றும், கணக்கை வாசிப்பவனின் வாழ்வை வறட்சியென்றும் பிரிப்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.