ஞாயிற்றுக்கிழமையும் தண்ணி முறையும்

கிராமத்துல இருந்தா நேரம் நிறைய கிடைக்கும், நிம்மதியா ஜெபிக்கலாம், வேதம் வாசிக்கலாம் என்று பட்டணத்துல இருக்கிற நம்ம பிள்ளைகள் நினைக்கிறாங்க. கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். மாட்டுக்கும் நெல்லுக்கும் லீவு கிடையாதே.

எங்க பக்கம் தாமிரபரணித் தண்ணியை நம்பின வயல். கார், பிசானம் என்று ரெண்டு பருவம். தண்ணி குறையும்போது முறை வச்சுத்தான் விடுவாங்க. அந்த முறை கிழமை பார்த்து வராது. ஞாயிறு காலையில ஆராதனை மணி அடிக்கிற நேரம் என் வயலுக்கு முறை வந்தா என்ன செய்ய?

"தேவனுக்கு முதலிடம்" என்று பிரசங்கத்துல ஒரு வார்த்தையில சொல்லிடலாம். அது சரிதான், நானும் அதை நம்புறவன்தான். ஆனா அந்த முதலிடத்துக்கான வேலையை ஞாயித்துக்கிழமை காலையில தொடங்க முடியாது, வியாழக்கிழமையே தொடங்கணும். பக்கத்து வயல்காரர்கிட்ட முந்தியே பேசி முறையை மாத்திக்கிடுவேன். அவர் ஊர் அம்மன் கொடைக்கு அவரால வயலுக்கு வர முடியாது. அந்த நாட்கள்ல அவர் வயலுக்கும் நான்தான் தண்ணி பாய்ச்சுவேன். இருபது வருஷமா இப்படித்தான் போகுது. நான் கோயிலுக்குத் தவறாம போறதுல அவருக்கும் பங்கு உண்டு. (எங்க ஊர்ல சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம்.)

அறுப்புதான் கஷ்டமான விஷயம். இப்ப எல்லாம் மிஷின் அறுப்பு. மணிக்கு இவ்வளவுன்னு வாடகை. ஊருக்குள்ள மிஷின் வந்தா வரிசையா அறுத்துக்கிட்டே போகும். நம்ம வயலுக்கு ஞாயித்துக்கிழமை வந்துட்டா, வேண்டாம்னு அனுப்பினா திரும்ப எப்ப வரும்னு தெரியாது.

யாத்திராகமம் 34-ம் அதிகாரத்துல ஏழாம் நாள் ஓய்ந்திருக்கணும்னு சொல்லிட்டு, உழவு காலத்திலயும் அறுப்பு காலத்திலயும்கூட அப்படித்தான்னு தனியா சேர்த்திருக்கு. விவசாயி என்ன சாக்கு சொல்லுவான்னு தெரிஞ்சே எழுதின மாதிரி இருக்கும். லூக்கா 14-ல பார்த்தா, ஓய்வுநாள்ல மாடு கிணத்துல விழுந்தா தூக்க மாட்டீங்களான்னு இயேசு கேட்கிறார். ரெண்டும் வேதம்தான். ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு சண்டை போடுறவங்க எல்லா ஊர்லயும் உண்டு.

நான் பார்க்கிற விதம் இது. நெல் சாய்ஞ்சு கிடக்கு, மேகம் கருத்து நிக்குது, விட்டா வயல்லயே முளைச்சிடும் என்றால் அது கிணத்துல விழுந்த மாடு. இறங்கி அறுக்க வேண்டியதுதான். மிஷின் இன்னைக்குச் சும்மா இருக்கு, இன்னைக்கே முடிச்சா ரெண்டு காசு மிச்சம் என்றால் அது கரையில நல்லா மேயுற மாடு. உபாகமம் 5-ம் அதிகாரம் வேலைக்காரனும் வேலைக்காரியும் நம்மளை மாதிரியே ஓய்ந்திருக்கணும்னு சொல்லுது. நான் முன் பெஞ்சுல உட்கார்ந்து பாட்டுப் பாடுவேன், கூலி ஆட்கள் மட்டும் வெயில்ல களை எடுக்கணுமா?

2023 டிசம்பர் 17-ம் ஒரு ஞாயித்துக்கிழமைதான். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அன்னைக்கு சாயங்காலம் எங்க கோயில்ல ஆராதனை நடக்கலை. கோயில் மேட்டுல இருக்கிறதால வயசானவங்களையும் பிள்ளைகளையும் அங்க கொண்டுபோய் வச்சோம், ஆடு மாடுகளை வளாகத்துல கட்டினோம். எது ஊழியம், எது உலக வேலைன்னு அன்னைக்கு யாரும் பிரிச்சுப் பேசலை.

எனக்கு உண்மையில வருத்தம் கூட்டங்கள் மேலதான். ஞாயிறு ஆராதனையை நான் குறைச்சுக் கேட்கலை. அதுக்கு மேல புதன் ஜெபம், வெள்ளி உபவாச ஜெபம், சனிக்கிழமை வீட்டு ஜெபம், மாசம் முதல் தேதி விடியக்காலை ஜெபம், அப்புறம் மூணு நாள் கன்வென்ஷன். தனித்தனியா எல்லாமே நல்லதுதான். ஒண்ணாச் சேர்ந்தா ஒரு குடும்பம் தாங்காது. வராதவங்களை "ஆவிக்குரிய வாழ்க்கையில பின்வாங்கிட்டாங்க"ன்னு பேசுறதும் நடக்குது. விடிய நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து, சோறு பொங்கி, பிள்ளைகளை அனுப்பிட்டு வயலுக்குப் போற பொம்பளை, புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கண்ணசந்து தூங்கிட்டா அது பின்மாற்றமா? அசனத்துக்கு அத்தனை பேருக்கும் காய் வெட்டுறதும் அவங்கதான். மார்த்தாளை வேலை செய்ய வச்சுட்டு, நீ ஏன் மரியாள் மாதிரி இல்லைன்னு கேட்கிறது நியாயமில்லை.

படுக்கையில கிடக்கிற அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க ஆள் இல்லாம, மகனும் மருமகளும் கன்வென்ஷனுக்குப் போன வீட்டையும் பார்த்திருக்கேன். பெத்தவங்களுக்குச் சேர வேண்டியதைக் காணிக்கைன்னு சொல்லித் தப்பிக்கிறவங்களைப் பத்தி மாற்கு 7-ம் அதிகாரத்துல இயேசு கடுமையாவே பேசியிருக்கார். அந்தப் பகுதியை வச்சு கன்வென்ஷன்ல பிரசங்கம் நான் அதிகமா கேட்டதில்லை. கூலி விஷயமும் அப்படித்தான். சூரியன் மறையறதுக்கு முன்னால கொடுத்துடணும்னு உபாகமம் 24 சொல்லுது. சனிக்கிழமை கூலியைத் திங்கள்கிழமைக்குத் தள்ளிட்டு ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை போடுற கணக்கு எனக்குப் புரியலை.

பட்டணத்துல உங்களுக்கு வேற மாதிரி. ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் போன் அடிக்கும், ஆராதனையை மொபைல்ல ஓட விட்டுக்கிட்டே வெங்காயம் உரிக்கிறீங்க. படுக்கையில இருக்கிறவங்களுக்கு அது பெரிய உதவி. நடக்க முடிஞ்சவங்க கோயிலுக்கே போகலாம்னுதான் எனக்குத் தோணுது. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர் முகம் வாடியிருக்கிறது மொபைல்ல தெரியாது.

பிசான அறுப்பு மாசி, பங்குனியில. லெந்து நாட்களும் அப்பத்தான் வரும். களத்துல நெல் காயுது, காவலுக்கு ஆள் வேணும், தினம் சாயங்காலம் கூட்டத்துக்கு மணியும் அடிக்கும். அறுப்பு முடியற வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு கூட்டம் போதும், அதுல ஒண்ணைக் களத்துலயே வச்சுக்கலாம்னு சபைக் கமிட்டியில சொல்லியிருக்கேன். ரெண்டு பேர் தலையாட்டினாங்க, ஒருத்தர் முறைச்சார். ஐயர் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கார்.