பாசியும் அறையும்

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு புளியஞ்சோலைக்குப் போயிருந்தேன். கொல்லிமலையின் அடிவாரத்தில், துறையூர்ப் பக்கத்தில், ஐயாறு பாறைகளுக்கிடையே சலசலத்து இறங்கி வரும் இடம் அது. நீராடி முடித்துக் கட்டுச்சோற்றை அவிழ்க்கும் வேளை. புளியோதரைப் பாத்திரத்தை எடுத்து வரும்படி என் இளைய மகனிடம் சொன்னேன். பத்து வயதுப் பையன் ஆவலோடு தூக்கி வந்தான். பாசி படிந்த கல்லில் கால் வழுக்கிற்று. பாத்திரம் கவிழ்ந்து, சோறெல்லாம் ஆற்றோடு போயிற்று. பசியோடிருந்த நான் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

அருகிலிருந்த பெரியவர் ஒருவர் ஆறுதல் சொன்னார்: "விடுங்கள், தம்பி. அந்தச் சோறு இன்று உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அடி வாங்க வேண்டுமென்பது பிள்ளையின் கர்மம். எல்லாம் எழுதி வைத்தபடிதானே?"

அந்த வார்த்தை எனக்கு இதமாக இருந்தது. இதமாக இருந்ததே பிற்பாடு என்னை உறுத்திற்று.

கர்மம் என்ற சொல்லை, நடந்து முடிந்ததற்குச் சமாதானமாகவே நாம் பெரும்பாலும் உபயோகிக்கிறோம். புத்த பகவான் அதற்குக் கொண்ட பொருள் வேறு. 'சேதனை', அதாவது மனம் ஒன்றைச் செய்யத் துணிவது எதுவோ, அதுவே கர்மம் என்றார் அவர். மோலியசீவகர் என்ற துறவி அவரிடம் வந்து, மனிதன் அநுபவிக்கும் இன்ப துன்பங்கள் யாவும் பழவினையின் பயனே என்று சிலர் கூறுவது சரிதானா என்று கேட்டார். பகவான் அதை ஒப்பவில்லை. பித்தத்தாலும் கபத்தாலும் வாதத்தாலும் துன்பம் வரும். பருவம் மாறுவதாலும், உடலைச் சரிவரப் பேணாமையாலும் வரும். வினைப்பயன் இவற்றோடு சேர்ந்த ஒரு காரணமே என்றார்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், என் மகன் வழுக்கி விழுந்ததற்குக் காரணம் பாசி. நான் அறைந்ததற்குக் காரணம் என் மனம். கர்மம் என்று பெயரிடத் தக்கது அந்த அறை ஒன்றுதான். அதுவும் அவனுடையதன்று, என்னுடையது.

இது தமிழ்நாட்டுக்குப் புதிய போதனை அன்று. கொல்லிமலைக்கு வடகிழக்கே, ஆத்தூர்ப் பக்கத்துத் தியாகனூரில் பெரிய புத்தர் சிலை இன்றும் இருக்கிறது. 1898-ல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த மணிமேகலையை நானே பல ஆண்டுகளாக வகுப்பில் பாடம் சொல்லி வருகிறேன். அதில் உதயகுமரனைக் காஞ்சனன் என்ற வித்தியாதரன் வாளால் வெட்டிக் கொல்கிறான். தன் மனைவி காயசண்டிகையின் உருவில் இருந்தவள் மணிமேகலை என்பதை அவன் அறியான். தூணிலிருந்த தெய்வப்பாவை பேசுகிறது: இளவரசன் தன் பழவினை வந்து சூழ்ந்ததால் மாண்டான், ஆயினும் நீ செய்ததும் கொடுவினையே, அது உன்னையும் விடாது என்கிறது. கொல்லப்பட்டவனின் வினை, கொன்றவனுக்குச் சாக்காகவில்லை!

அந்தப் பழவினைதான் என்ன? முற்பிறவியில் அவன் இராகுலன் என்ற அரசகுமாரன். முனிவருக்கு அமுது படைக்க ஏற்பாடாகியிருந்த நாளில், சமையற்காரன் கால் இடறி விழுந்தான், சமையற்கலங்கள் சிதைந்தன. கோபங்கொண்ட இராகுலன் அவனை வாளால் வெட்டினான்.

இவ்வளவு பாடம் சொன்னவனுக்கு, தன் வீட்டுச் சோறு கவிழ்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. என் கையில் வாள் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

மணிமேகலை தீவினைகளைப் பத்தாக வகுக்கிறது: உடலால் மூன்று, வாக்கால் நான்கு, மனத்தால் மூன்று. மனத்தின் மூன்றில் ஒன்று வெகுளி. நம் வீடுகளில் கொலையும் களவும் நடப்பதில்லை. ஆனால் காபி ஆறிப்போனதற்கும், வேலைக்காரி தாமதித்து வந்ததற்கும், பையன் கணக்கில் தவறியதற்கும் வெகுளியும் கடுஞ்சொல்லும் நாள் தவறாமல் நடக்கின்றன. கர்மத்தைப் பற்றி விசாரிக்க முற்பிறவிக்குப் போக வேண்டியதில்லை. கை ஓங்குவதற்கும் அடி விழுவதற்கும் இடையே ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணம் நம் வசத்தில் இருக்கிறது. அதைப் பழக்கிக்கொள்வதே இல்லறத்தாருக்குரிய சாதனை.

அன்றிரவு மகனை அருகில் அழைத்து, "கல் வழுக்கியது உன் குற்றமல்ல; அடித்தது என் குற்றம்" என்றேன். அவன் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தான்.

"அப்படியானால், அடுத்த தடவையும் பாத்திரத்தை நானே தூக்கி வரட்டுமா, அப்பா?" என்று கேட்டான்.