அபூர்வச் செடி ஆசைக்காரர்களுக்கு டீச்சரின் கண்டிப்பு

இது நீளமான பதிவு. என் வகுப்பில் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள் நீங்கள். இதற்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள்.

கொஞ்ச நாளாக உங்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. "டீச்சர், நீலகிரி கோப்ரா லில்லிக் கிழங்கு விற்பனைக்கு வந்திருக்கிறது, அபூர்வமாம், வாங்கட்டுமா?" "அத்தை, வெளிநாட்டிலிருந்து வரும்போது டூலிப் கிழங்கு எடுத்து வரட்டுமா?" "டீச்சர், என் ஹோம்ஸ்டே ஓடைக்கரை முழுக்க வெள்ளைக் காலா லில்லி வைத்துவிட்டேன், படம் பாருங்கள்." தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்: மூன்றையும் செய்யாதீர்கள். காரணம் சொல்லாமல் "செய்யாதே" என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. இப்போதும் காரணத்தோடுதான் சொல்கிறேன்.

முதலில் கோப்ரா லில்லி. பெயரில் லில்லி இருந்தாலும் அது லில்லி இல்லை. நம் சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கின் குடும்பம். நாகம் படமெடுத்தது போல ஒரு பாளை, அதற்குள்ளே ஒரு கதிர். தாவரவியலில் அரிசீமா என்பார்கள். நம் மலையில் இருக்கும் ஒரு வகைக்கு லெஷெனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். அவர் 200 ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்தவர். மழை தொடங்கும்போது மண்ணைக் கிழித்து மேலே வரும். ஆண்டு முடியும்போது இலையெல்லாம் மஞ்சளாகி மடிந்து, அடுத்த மழை வரை கிழங்காக உறங்கும்.

இந்த இனத்துச் செடிகளில் பெரும்பாலானவை ஆணாகவும் பெண்ணாகவும் மாறக்கூடியவை. கிழங்கு சிறிதாக இருக்கும்போது ஆண் பூ பூக்கும். சில ஆண்டுகள் சத்துச் சேர்த்துக் கிழங்கு பெருத்த பிறகுதான் பெண் பூ. விதை கொடுப்பதற்கு அவ்வளவு தெம்பு வேண்டும். இடையில் அடிபட்டால், சத்துக் குறைந்தால், அடுத்த ஆண்டு மறுபடி ஆணாகிவிடும்.

இப்போது யோசியுங்கள். விற்பதற்குத் தோண்டுகிறவன் எதைத் தோண்டுவான்? பெரிய செடியை, பெரிய கிழங்கை. அதாவது காட்டில் விதை போடும் தாய்ச் செடிகளைத்தான் அவன் பொறுக்கி எடுக்கிறான். மிஞ்சுவது சின்னஞ்சிறு ஆண் செடிகள். அவை வளர்ந்து தாயாகப் பல ஆண்டுகள் வேண்டும், அதற்குள் அடுத்த மண்வெட்டி வந்துவிடும். "ஒரே ஒரு கிழங்குதானே டீச்சர்" என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். நீங்கள் வாங்குவது ஒரு கிழங்கு அல்ல, அந்தச் சரிவின் அடுத்த தலைமுறை.

"நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார்" என்பது அடுத்த வாதம். ஐந்தாம் வகுப்பில் ஒருவனைக் காப்பி அடித்ததற்காகப் பிடித்தபோது, "எல்லாரும் அடிக்கிறாங்க டீச்சர்" என்றான். அது எவ்வளவு செல்லுபடியாகுமோ அவ்வளவுதான் இதுவும். சட்டமும் ஒன்று இருக்கிறது. காப்புக்காட்டில் கிழங்கு தோண்டுவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். விற்பவரிடம் "விதையிலிருந்து வளர்த்ததா, எந்த நர்சரியில்?" என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்ட எனக்கு ஒரு விற்பனையாளர் ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் அனுப்பிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிட்டார். அந்தப் பொம்மையே பதில்.

சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. அந்தக் கிழங்குக்கு உறக்கக் காலத்தில் குளிர்ச்சி வேண்டும். உங்கள் மொட்டை மாடியில் அது ஒரு ஆண்டு முக்கி முனகி, அடுத்த ஆண்டு அழுகிவிடும். அந்தக் குடும்பத்துப் பூதான் பார்க்க வேண்டும் என்றால் காய்கறிக் கடைக்குப் போங்கள். முளை உள்ள பெரிய சேனைக்கிழங்கு ஒன்று வாங்கி, அகலமான தொட்டியில் ஆழமாக நடுங்கள். ஆழமாக என்று சொல்வது ஏனென்றால் சேனைக்கும் கோப்ரா லில்லிக்கும் வேர் கிழங்கின் அடியில் வருவதில்லை, மேற்பக்கத்தில் முளையைச் சுற்றி வரும். கிழங்கு நன்றாகப் பெருத்திருந்தால் ஒரு கோடை மழையில் ஊதா நிறத்தில் ஒரு பூ வரும் பாருங்கள், உலகத்தில் எந்த அபூர்வச் செடியும் பக்கத்தில் நிற்க முடியாது. பிண வாடை அடிக்கும், அதுவும் உண்மை. பூச்சிகளை அழைக்கும் வழி அது. பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, டூலிப். அதற்கு 3 மாதத்துக்கும் மேலாக, 10 டிகிரிக்கும் கீழே தொடர்ந்து குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் டூலிப் தோட்டம் திறந்தார்கள். அங்கே பனிக்காலம் அந்த வேலையைச் சும்மா செய்து கொடுக்கிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருந்தாலும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரியில்தான் இருக்கிறது. ஜனவரி விடியலில் உறைபனி விழும், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மண் மாதக்கணக்கில் சில்லிட்டுக் கிடக்காது. ஆகவே ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து நட வேண்டும், ஒரு தடவை பூக்கும், மறு ஆண்டு பெரும்பாலும் இலையோடு சரி. ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கித் தூக்கி எறியும் பூவுக்குத் தோட்டக்கலை என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

பெட்டியில் ஒளித்துக் கொண்டு வரும் மருமக்களுக்கும் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றும் இல்லாமல் கிழங்கு உள்ளே வரக்கூடாது. கிழங்கோடு ஒட்டிய மண்ணில் நூற்புழுவும் பூஞ்சையும் வரும். உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கும் ஊர் இது. அத்தைக்குப் பாசம் காட்ட வேண்டுமானால் சாக்லேட் கொண்டு வாருங்கள், போதும்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கோபம் வரும் விஷயம், காலா லில்லி. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. இதுவும் சேப்பங்கிழங்கு வகையறாதான், லில்லி இல்லை. அழகு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈரம் கண்ட இடத்தில் அது நிற்காது. கிழங்குத் துண்டு வெள்ளத்தில் போய் எங்கே ஒதுங்குகிறதோ அங்கே முளைக்கும். பழத்தைப் பறவை தின்று விதையைப் பரப்பும். மேற்கு ஆஸ்திரேலியாவில் இதைக் களையாக அறிவித்திருக்கிறார்கள். நம் மலைச் சதுப்புகளிலும் இது ஏற்கெனவே பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கிறது. அதன் அடியில் நம் ஊர்ச் சதுப்புப் புல்லும் சிறு செடிகளும் மூச்சுவிட இடமில்லாமல் போகின்றன.

"தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாமே வெளியூர்ச் சரக்குதானே டீச்சர்?" என்று ஒரு கெட்டிக்காரன் கேட்டிருந்தான். நல்ல கேள்வி, முழு மதிப்பெண். ஆனால் கேரட் பாத்தியை விட்டு எழுந்து காட்டுக்குள் நடந்து போவதில்லை, ராசா. வெளியூர்ச் செடி என்பதல்ல என் சண்டை. வேலி தாண்டும் செடியைத் தண்ணீர் ஓரத்தில் நடுவதுதான் என் சண்டை. சீகை மரத்தையும் மஞ்சள் பூப் புதர்களையும் ஒரு காலத்தில் யாரோ ஆசையாகத்தான் கொண்டு வந்தார்கள். இன்று புல்வெளிகளில் அவற்றை வெட்டி மாளவில்லை. இந்த மலைச் சதுப்பு ஒரு பஞ்சு. மழையை உறிஞ்சி வைத்து, வெயில் காலத்தில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடும். மோயாறு இங்கே பிறந்து பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. சமவெளியில் வயல் வைத்திருக்கும் சொந்தக்காரர்களே, உங்கள் தண்ணீர் விஷயம்தான் இது.

ஹோம்ஸ்டே நடத்தும் பிள்ளைகள் காலா லில்லி வேண்டவே வேண்டும் என்றால் ஓடையை விட்டுத் தள்ளி, சிமென்ட் தொட்டியில் வையுங்கள். பூ வாடியதும் காய் பிடிக்குமுன் வெட்டிவிடுங்கள். வேண்டாத கிழங்கை ஓடையில் வீசாமல் நன்றாகக் காயவைத்து எரியுங்கள்.

சரி, குளிர் ஊரில் பிறகு எதைத்தான் வளர்ப்பது? நீலகிரி லில்லியை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? புல்சரிவில் வெள்ளை எக்காளம் போல, நல்ல மணத்தோடு பூக்கும் உண்மையான லில்லி. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1853இல் அதற்கு நீலகிரியின் பெயரையே வைத்தார். அவருடைய நூல்களுக்கு ரங்கய்யா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் படம் வரைந்து கொடுத்தார்கள். நம் மலையின் பெயரைத் தாங்கிய பூ நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, டூலிப் தெரியும். இதற்காகவா நான் இத்தனை ஆண்டுகள் சாக்பீஸ் தேய்த்தேன்?

விதையிலிருந்து வளருங்கள். காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. உங்கள் வேலி ஓரத்திலோ தெரிந்தவர் தோட்டத்திலோ கோப்ரா லில்லி இருந்தால், கதிர் சிவந்து பழுக்கும் வரை விடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு சதையைக் கழுவி எடுங்கள். சேப்பங்கிழங்கின் அரிப்பு இதிலும் உண்டு, ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட். இலைமக்கும் மணலும் கலந்து விதைத்து, நிழலில் வையுங்கள். முதல் ஆண்டு ஒரே ஒரு குட்டி இலைதான் வரும். செடி உறங்கும் மாதங்களில் தொட்டியை மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள், ஈரத்தில் கிழங்கு அழுகும். லில்லி விதை காகிதம் போல மெல்லியது, அதன் மேல் மண்ணைத் தூவினால் போதும். இரண்டுமே பூக்க மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும்.

"அவ்வளவு நாளா?" என்று கேட்காதீர்கள். அ, ஆ எழுதத் தெரியாமல் வந்த உங்களைக் கடிதம் எழுத வைக்கவும் எனக்கு அவ்வளவு நாள் ஆனது. அதுவரை நான் யாரையும் வேரோடு பிடுங்கி வேறு தொட்டியில் வைக்கவில்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். காட்டுக் கிழங்கு வாங்கிய படத்தை மட்டும் இனி எனக்கு அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்