வேலிக்கு வெளியே நிற்பவர் யார்?

இயற்கை வளங்களைக் காப்போம் என்று அமைப்புகள் கூடுவதும், உடன்படிக்கை எழுதுவதும், கையொப்பமிட்டபின் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதும் இக்காலத்தின் வழக்கமாகிவிட்டன. அரசுத்துறை ஒன்று, அயல்நாட்டு நிதியம் ஒன்று, ஆய்வு நிலையம் ஒன்று, தொண்டு நிறுவனம் ஒன்று, அவற்றோடு பெரிய கம்பெனி ஒன்றும்! 'வளங்குன்றாப் பயன்பாடு' என்னும் தொடர் அவ்வுடன்படிக்கைகளின் முதல் வரியிலேயே இருக்கும். அத்தொடரோடு நமக்குப் பகையில்லை. கடலும் காடும் நீரும் நிலமும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று நம்புகிற சமுதாயம் நாம். ஓடும் ஆற்றின் கரையிலமர்ந்து உளூச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த மார்க்கத்தில் பிறந்தவர்களுக்குச் சிக்கனம் புதிய பாடமன்று. நாம் எழுப்பும் வினா வேறு. அந்த வளத்தை நம்பி அடுப்பெரிக்கும் ஏழை அவ்வுடன்படிக்கையில் எங்கே இருக்கிறான்? கையொப்பமிடும் இடத்திலா, தண்டனை கூறும் பிரிவிலா?

இவ்வினாவுக்கு விடை காண நம் வரலாற்றிலேயே அளவுகோல் உண்டு. அறியாமைக் காலத்து அரபகத்தில் வலிமை மிக்க தலைவன் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தன் மந்தைக்கென்று வளைத்துக்கொள்வான். அதற்கு 'ஹிமா' என்று பெயர். இஸ்லாம் அத்தனியுரிமையை ஒழித்தது. ஹிமா என்பது இனி அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் உரியது, அதாவது பொதுநலத்துக்கு உரியது என்றாயிற்று. மதீனாவை அடுத்த நகீஃ புல்வெளி அவ்வாறே ஒதுக்கப்பட்டது. பின்னர் உமர் (ரலி) அவர்கள் ரபதா முதலிய இடங்களிலும் ஹிமா அமைத்து, ஹுனய் என்பவரைக் காவலராக்கினார்கள். அக்காவலருக்கு அவர்கள் இட்ட கட்டளை புகாரீ ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

அதன் கருத்து இது: சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய எளியவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை உள்ளே விடாதே. அவர்களுடைய கால்நடைகள் மடிந்தால் தோட்டங்களும் வயல்களும் அவர்களைத் தாங்கும். எளியவனின் கால்நடைகள் மடிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான். அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சு!

சிந்திக்க வேண்டும். விலக்கப்பட்ட அவ்விருவரும் யார்? சுவனத்துக்கு நற்செய்தி கூறப்பெற்ற பதின்மரைச் சேர்ந்த பெருந்தகைகள். அவர்களுடைய சிறப்பை உமர் (ரலி) அவர்கள் அறியாதவர்கள் அல்லர். எனினும் பொதுவளத்துக்கு வேலியிடும்போது, முதலில் ஒதுங்க வேண்டியவன் ஒதுங்கினாலும் பிழைக்கக் கூடியவனே என்பது அவர்களின் தீர்ப்பு. இன்றைய உடன்படிக்கைகளை நாம் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறோம்.

முதலில், தேறிய ஒன்றைச் சொல்வோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பாவின் மேற்கே மிஸாலி என்றொரு சிறுதீவு உண்டு. இறைநேசர் ஒருவர் தொழுகை விரிப்புக் கேட்டுக் கிடைக்காதபோது, கிப்லாவை நோக்கிக் கிடக்கும் இத்தீவே தம் முஸல்லா என்று சொன்னதால் அப்பெயர் வந்ததென்பது அவ்வூர் வழக்கு. அதைச் சுற்றிய பவளப்பாறைகளை நம்பி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் வாழ்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பாறையைச் சிதைக்கும் மீன்பிடி முறைகள் பெருகின. 1990களின் தொடக்கத்தில் அத்தீவைச் சுற்றுலா விடுதிக்கு விட முயற்சி நடந்தபோது எதிர்த்து நின்றவர்கள் அம்மீனவர்களே. 1998இல் மிஸாலி காப்புப் பகுதியாயிற்று. ஒரு பகுதி மட்டுமே முற்றாக மூடப்பட்டது. எஞ்சிய கடலில் தொழில் தொடர்ந்தது. நிருவாகத்தில் மீனவர் சங்கத்துக்கு இடம் கிடைத்தது. கேர் என்னும் பன்னாட்டுத் தொண்டு அமைப்பும், இலங்கையில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய ஃபஸ்லுன் காலித் நிறுவிய இஸ்லாமியச் சூழலியல் அமைப்பும் அங்கே கைகோத்தன. அரசின் துண்டறிக்கைகள் எட்டாத உள்ளங்களைப் பள்ளிவாசல் இமாம்களின் சொல் எட்டியது. வறுமை உள்ள இடத்தில் உபதேசம் மட்டும் போதாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வலை வீசுகிறவனையும் அவன் நம்பிக்கையையும் மதித்துத் தொடங்கிய கூட்டு அது.

இனி நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2002 முதல் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் அரசுகளும் இணைந்து பெருந்திட்டம் நடத்தின. அத்தீவுக் கூட்டங்களுள் ஒன்று கீழக்கரையின் பெயரையே தாங்கியது. மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று நீளும் அக்கரையில் இந்துவும் கிறித்தவரும் முஸ்லிமும் ஒரே கடலில் உண்டு வாழ்கின்றனர்.

அக்கரையின் பெண்கள் தலைமுறை தலைமுறையாய் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முக்குளித்துப் பாசி எடுத்தவர்கள். பூங்கா என்ற பெயரில் தீவுகள் மூடப்பட்டபோது, நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவள் இன்று சட்டத்தை மீறியவள் ஆனாள். எடுத்த பாசி பறிக்கப்பட்டது, அபராதம் விதிக்கப்பட்டது. அப்பெண்களோ தாமே கூடி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பதென்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களின் தலைவி ஒருவருக்கு 2015இல் அமெரிக்க அமைப்பொன்று விருதளித்தது. அமெரிக்காவுக்குத் தெரிந்த அவள் நேர்மை நம் அலுவலகங்களுக்குத் தெரியாமற் போனதேன்?

இன்னொரு பாசியின் கதையையும் கேளுங்கள். கப்பாஃபைகஸ் என்பது பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய பாசி. மண்டபத்தில் அரசு ஆய்வு நிலையம் அதை வளர்த்துப் பார்த்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, பெப்சி நிறுவனத்தின் இந்தியக் கிளை அத்தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்றது. மகளிர் குழுக்களுக்கு வங்கிக் கடன் வந்தது. மூங்கில் மிதவைகள் கடலில் இறங்கின. ஆய்வு நிலையம், கம்பெனி, வங்கி, மகளிர் குழு! கூட்டு முயற்சிக்கு இதைவிட அழகிய எடுத்துக்காட்டு உண்டா என்று மேடைகள் முழங்கின. வருவாய் கிடைத்தது என்பதும் உண்மையே. ஆனால் 2005இல் மாநில அரசே அப்பாசி வளர்ப்புக்கு இட எல்லை வகுக்க நேர்ந்தது. 2008இல் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மீது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே ஆண்டு கம்பெனி அத்தொழிலை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு விலகியது. 2013க்குப்பின் பயிர் பெருமளவு நலிந்தபோது மிதவையின் பக்கத்தில் நின்றவர்கள் அப்பெண்களே. தோட்டமும் வயலும் உள்ளவர் தம் தோட்டத்துக்குத் திரும்பினார். சில ஆடுகள் உடையவளுக்குத் திரும்ப வேறிடம் இல்லை.

உமர் (ரலி) அவர்களின் கட்டளை இங்கே தலைகீழாயிற்று என்று நாம் கூறினால் அது மிகையா? ஏழைப்பெண்ணின் கைப்பாசிக்கு வேலி. பெருநிறுவனத்தின் அயற்பாசிக்கு வாசல்! விசைப்படகுகள் கரையோரக் கடலில் மடி இழுக்கலாகாதென்று 1983ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது. முக்குளிக்கும் பெண்ணைத் தேடிப் பிடித்த விழிப்பு, கடலடியை வாரிச் செல்லும் மடிகளின்மீதும் அதே அளவில் விழுந்ததா?

"வேலியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. வேலியின்றிக் கடல் பிழைக்காது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பவளப்பாறையை வெட்டி அழித்த காலமும் நம் கரையில் இருந்தது. நாம் கேட்பது வேலியின் நீதியை.

அந்நீதியைப் பிறரிடம் கேட்கும் வாய் நம்மவரையும் நோக்கித் திறக்க வேண்டும். கடலட்டை பிடிப்பதும் விற்பதும் 2001இல் தடை செய்யப்பட்டன. இரவோடிரவாக அதைக் கடல்கடத்திப் பொருள் சேர்ப்போர் எம்மதத்தவராயினும் பொதுச்சொத்தைத் திருடுவோரே. அவர்களுள் நம் சமுதாயத்தார் இருந்து, அப்பணத்தில் பள்ளிவாசலுக்கு விளக்குப் போட முன்வந்தால், அவ்விளக்கை வேண்டாமென்று சொல்லும் துணிவு எத்தனை ஜமாஅத்துகளுக்கு உண்டு? இயற்கைப் பாதுகாப்பு பற்றிய இஸ்லாமியக் கோட்பாடுகளைச் சவூதி அரசின் துறையும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் சேர்ந்து 1983இலேயே வெளியிட்டன. 2024இல் 'அல் மீஸான்' என்னும் பிரகடனமும் வெளிவந்தது. நம் கடலோரப் பள்ளிகளின் ஜும்ஆ மேடைகள் எத்தனை முறை இவற்றைத் தொட்டன?

2023இல் இராமநாதபுரம் மாவட்டத்து வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே புதிய உடன்படிக்கைகள் தொடரும். அவற்றின்முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. உடன்படிக்கையின் வாசகம் கையொப்பத்துக்கு முன்னரே தமிழில் ஊரறியப் படிக்கப்பட வேண்டும். பாசி எடுக்கும் பெண்ணும் வலை வீசும் மீனவனும் அதில் வாக்குரிமையுள்ள பங்காளிகளாக வேண்டும். கட்டுப்பாடு பெரியவரிடமிருந்து தொடங்கிச் சிறியவரிடம் கடைசியாக வர வேண்டும். அயல் உயிரினத்தைக் கொண்டுவருபவர், அதனால் விளையும் கேட்டுக்கு விலகிப்போன பின்னும் பொறுப்பேற்க வேண்டும்.

இவற்றைக் கேட்கக் கடலோர ஜமாஅத்துகள் முன்வரட்டும். மீனவர் சங்கங்களோடும், பிற மதத்து ஊர்த்தலைவர்களோடும் ஓரணியில் நிற்கட்டும். அதுவும் ஒரு கூட்டுத்தான். அரபிக்கல்லூரி உலமாக்களும் ஊர்ப்பெரியவர்களும் அதற்கு நாளை காத்திருக்க வேண்டியதில்லை. அமானிதம் பற்றிக் கேள்வி கேட்கப்படும் நாளில், உடன்படிக்கையில் யார் பெயர் முதலில் இருந்தது என்று கேட்கப்படாது. வேலிக்கு வெளியே யாரை நிறுத்தினாய் என்றே கேட்கப்படும்.