பிளேட்லெட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டிய எண்

வீட்டில் யாருக்காவது டிங்கி என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். எண் இறங்கிவிட்டால் பப்பாளி இலையைத் தேடி ஓடுகிறோம். அதே இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள வெள்ளை அணு எண்ணிக்கையை யாரும் கவனிப்பதில்லை. டிங்கி ஆண்டு முழுதும் பரவும் நம் நாட்டில், மாணவர்கள் முதலில் படிக்கப் பழக வேண்டியது அந்த எண்ணைத்தான் என்பேன்.

பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். தாளில் இது 4.0 – 11.0 என்று காணப்படும். லிட்டருக்கு எத்தனை நூறு கோடி என்று அதற்குப் பொருள்.

கிருமி நுழைந்தால் வெள்ளை அணுக்கள் பெருகும் என்றே நாம் நினைக்கிறோம். பாக்டீரியா தொற்றில் பெரும்பாலும் அப்படித்தான். டிங்கியில் கதை தலைகீழ். அந்த வைரஸ் எலும்பு மச்சையில் அணு உற்பத்தியை மந்தமாக்குவதால், காய்ச்சலின் தொடக்க நாள்களிலேயே எண்ணிக்கை படிப்படியாகக் குறைகிறது. பிளேட்லெட் சரிவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆகவே மூன்றாம் நாளில் வெள்ளை அணு 3.0, பிளேட்லெட் 200 என்று வந்தால், "பிளேட்லெட் நன்றாகத்தானே இருக்கிறது, டிங்கி இல்லை" என்று நிம்மதி அடைய முடியாது. குணமாகும்போதும் முதலில் ஏறத் தொடங்குவது வழக்கமாக வெள்ளை அணுதான்.

எண்ணின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் நோய், இல்லாவிட்டால் சுகம் என்பதும் தவறான கணக்கு. இயல்பு அளவு என்பது பொதுவாக நலமுள்ள 100 பேரில் 95 பேருக்கு இருக்கும் அளவு. மீதி 5 பேர் நலமாக இருந்தும் குறி வாங்குவார்கள். இன்னொரு பக்கம், வழக்கமாக 9.0 இருக்கும் ஒருவருக்குக் காய்ச்சலில் 4.5 வந்தால் குறி எதுவும் இருக்காது. ஆனால் எண்ணிக்கை பாதியாகிவிட்டது! பழைய தாள் கையில் இருந்தால்தான் இது தெரியும். அதனால் கிளினிக்கில் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தேதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

விழுக்காட்டிலும் ஏமாறலாம். நியூட்ரோஃபில் 50 விழுக்காடு என்றால் இயல்பாகத் தோன்றும். மொத்தம் 8.0 என்றால் அது 4.0; மொத்தம் 2.4 என்றால் வெறும் 1.2. படிவம் ஒன்று மாணவரே போடக்கூடிய கணக்கு இது.

"பிள்ளைகள் தாளைப் படித்துத் தாங்களே மருத்துவர் ஆகிவிடுவார்கள்" என்று சிலர் அஞ்சலாம். நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலைதான். அவரிடம் "நேற்றைவிட இறங்கியிருக்கிறதா? ஹீமட்டோகிரிட் ஏறியிருக்கிறதா?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு உதவிதானே?

ஹீமட்டோகிரிட்டைச் சொல்லக் காரணம் உண்டு. டிங்கியில் காய்ச்சல் தணியும் நாள்களில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிந்து ஆபத்து நேரலாம். அப்போது அந்த எண் ஏறும். அந்த நாள்களில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், தாளில் என்ன எண் இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.