கண்ணுக்கு மட்டுமா எழுத்து?

நம் கதைகளில் பார்வையற்றவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கையில் ஒரு கோலைக் கொடுத்து, சோகமாக ஒரு பாட்டும் பாடவைத்து, கடைசி அத்தியாயத்தில் வாசகர்களின் கண்ணீரை வாங்கிக்கொள்ள அவர்கள் வேண்டும். அந்தக் கதையை அவர்களும் படிக்க விரும்புவார்கள் என்ற நினைப்பு மட்டும் கதாசிரியர்களுக்கு வருவதில்லை.

அவர்களால் எப்படிப் படிக்க முடியும் என்று அனுதாபப்பட வேண்டாம். முடியும். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-ல் எழுதத் தொடங்கிய ‘என்.வி.டி.ஏ.’ என்ற மென்பொருள், கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. தமிழும் படிக்கிறது. காசு கேட்பதில்லை. ஆனால் அது ஒழுங்காகப் படிக்க வேண்டுமானால், எழுதுகிறவர் ஒழுங்காகத் தட்டச்சு செய்திருக்க வேண்டும். தகராறே அங்கேதான்.

அத்தியாயத் தலைப்பை நடுவில் தள்ளி, எழுத்தைத் தடிப்பாக்கி விடுகிறார்கள். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கு அது மற்றுமொரு வரி. வேர்டில் கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திக்கொண்டு 1 என்ற விசையைத் தட்டினால் போதும், அது மெய்யான தலைப்பாகிவிடும். கேட்டுப் படிப்பவர் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தாவிச் செல்லலாம். படத்துக்கு இரண்டு வரி விளக்கம் எழுதிவைக்கவும் அதே வேர்டில் இடமிருக்கிறது. யார் எழுதுகிறார்கள்?

இவற்றைவிடப் பெரிய அநியாயம் பழைய எழுத்துருக்கள். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா தெரிவாள். கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! பார்வையற்றவரின் காதில் விழுவது அந்த அலங்கோலம்தான். யூனிகோடை ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது 2010-ல். ‘என்ன செய்வது, கை பழகிவிட்டதே’ என்கிறார்கள் இன்னும் சிலர். விரல்களை மாற்ற வேண்டியதில்லை, ஐயா! அதே பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடில் தட்டச்சு செய்யும் வசதி வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மாற வேண்டியது மனசுதான்.

‘அப்படிப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?’ என்று கேட்கிற கனவான்களும் உண்டு. இதே கேள்வியை அவர்களுடைய நாவலைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்!

‘அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே’ என்பார்கள். வாஸ்தவம். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013-ல் பிறந்தது. 2014-ல் உலகிலேயே முதல் நாடாக அதை உறுதிசெய்தது இந்தியா. பெருமைதான். ஆனால் சட்டம் அனுமதி தரும்; தட்டச்சு செய்து தராது. எழுதும்போதே ஆசிரியர் செய்திருக்கக்கூடிய காரியத்தை, யாரோ ஒரு தொண்டர் இரவில் கண்விழித்து மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குள் புத்தகத்தைப் பற்றிய பேச்சே ஊரில் அடங்கிப்போகிறது.

இது தர்ம காரியம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். பிழை திருத்துவதைப்போல, பக்க எண் போடுவதைப்போல, இதுவும் எழுத்து வேலையில் ஒரு பகுதி. தலைப்பில்லாத, படத்துக்கு விளக்கமில்லாத, யூனிகோடில் இல்லாத பிரதி அரைகுறைப் பிரதி. அதைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் பத்திரிகாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வரவேண்டும் என்பது என் கட்சி. எவ்வளவு பெரிய எழுத்தாளர் அனுப்பியதாக இருந்தாலும் சரி.