ஆட்டுக்குச் சுங்கம், காருக்கு இலவசம்

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஒடுகத்தூர் சந்தைக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆடுகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பக்ரீத்தோ தீபாவளியோ நெருங்கினால் கால் வைக்க இடமிருக்காது.

வாரச்சந்தை என்றால் சுங்கம் உண்டு. தமிழ்நாடு முழுக்க இதுதான் வழக்கம். ஆட்டை ஓட்டி வந்தவரும், தரையில் சாக்கை விரித்துக் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் கிழவியும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியாக வேண்டும். பொது இடத்தில் நாலு மணி நேரம் நிற்பதற்கு ஓர் ஆடு வாடகை கொடுக்கிறது.

சந்தைக்கு வெளியே சாலையோரம் நாள் பூரா நிற்கும் காருக்கு? சீட்டும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

இந்த அநியாயம் எனக்கு உறைத்தது ஒடுகத்தூரில் அல்ல, வேலூரில். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டு, ஒரு கையில் எக்ஸ்ரே கவர், இன்னொரு கையில் பெரியம்மா என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நடைபாதை இருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைக் கார் இரண்டு சக்கரத்தை ஏற்றி நின்றது. அதற்கப்புறம் வரிசையாகப் பைக்குகள். வேறு வழியில்லாமல் சாலையில் இறங்கினோம். பின்னாலிருந்து ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்ததில் பெரியம்மா மிரண்டு நின்றுவிட்டார்.

“ஏம்ப்பா, நடக்கிறவங்களுக்கு இந்த ஊர்ல வழியே வைக்கலயா?”

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, புதுக் கார் வாங்கியிருக்கும் மச்சான் பதில் வைத்திருந்தார். “நாங்க எங்கதான் நிறுத்தறது? கவர்மெண்ட்டு இடம் கட்டித் தரட்டும். ரோடு டாக்ஸ் கட்டறோம் இல்ல?”

மச்சானின் வாதம் நாடு முழுக்க எல்லாக் கார்க்காரர்களும் சொல்வதுதான். அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோடு டாக்ஸ் மாநில அரசுக்குப் போகிறது. வாகனம் வைத்து ஓட்டுவதற்கான வரி அது. கடைவீதியில் 135 சதுர அடியை உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்ததற்கான பத்திரம் அல்ல. அதென்ன 135? ஒரு காரை நிறுத்த, கதவைத் திறக்கும் இடத்தையும் சேர்த்து, இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே கடைவீதியில் அதே அளவில் ஒரு பெட்டிக்கடையை வாடகைக்குக் கேட்டால் எவ்வளவு அட்வான்ஸ் சொல்வார்கள் என்றும் விசாரித்துப் பாருங்கள்.

ஐந்து தள்ளுவண்டிகள் நிற்கக்கூடிய இடம் அது. ஐந்து குடும்பம் பிழைக்கும். தள்ளுவண்டி நின்றால் ‘ஆக்கிரமிப்பு’, கார் நின்றால் ‘பார்க்கிங்’. தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. தெருவோரக் கார்களைப் பாதுகாக்க எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் யார் விரட்டப்படுகிறார்கள், யார் நிம்மதியாக நிற்கிறார்கள் என்பதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள்.

இத்தனைக்கும் கார் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் எட்டுக் குடும்பங்களில்தான் கார் இருக்கிறது. மிச்சமுள்ள 92 குடும்பங்களும் தங்கள் தெருவை இந்த எட்டுக் குடும்பங்களுக்குச் சும்மா விட்டுக் கொடுத்திருக்கின்றன. ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் கூலித் தொழிலாளியும், விடிகாலையில் ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிக்கு வேனில் அடைத்துக்கொண்டு போகும் பெண்ணும் அந்த 92-க்குள் இருக்கிறார்கள். இலவசம் என்றால் ஏழைக்குக் கொடுப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது ஏழையிடம் வாங்கிப் பணக்காரனுக்குக் கொடுக்கும் இலவசம். டி.வி., மிக்ஸி கொடுத்தபோது பொங்கிய நடுத்தர வர்க்கம் இந்த இலவசத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

2022 ஜூன் மாதம் வேலூர் நாடு பூராவும் பேர் வாங்கியது ஞாபகமிருக்கிறதா? மெயின் பஜார் காளிகாம்பாள் கோயில் தெருவில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சிமென்ட் சாலை போட்டார்கள். தெருவில் நின்றிருந்த ஒரு பைக்கை நகர்த்தாமல், சக்கரங்களைச் சுற்றியே காங்கிரீட்டைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வண்டிக்காரர் மேல் தப்பில்லை, வேலை செய்தவர்களின் அலட்சியம் அது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் ஊர்களைப் பற்றி அதைவிட உண்மையான படம் வேறில்லை. எத்தனை கோடி செலவழித்துச் சாலை போட்டாலும், அது வண்டி நிறுத்தும் இடமாகத்தான் முடிகிறது. வேலூரில் வண்டி சிமென்டில் மாட்டிக்கொண்டது ஒன்றுதான் வித்தியாசம்.

“அப்ப அடுக்குமாடி பார்க்கிங் கட்டுங்களேன்” என்பார் மச்சான். கட்டிப் பார்த்தாயிற்று. சென்னை தி.நகர் தணிகாசலம் சாலையில் 40 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 222 கார்களும் 513 இருசக்கர வாகனங்களும் நிற்கக் கட்டினார்கள். அதற்காகத் தி.நகர் தெருக்கள் காலியாகிவிட்டனவா? கீழே தெருவில் சும்மா நிறுத்த முடிகிறபோது, காசு கொடுத்து யார் மேலே ஏற்றுவார்கள்? தெருவில் இலவசம் இருக்கிறவரை எத்தனை மாடி கட்டினாலும் பிரயோஜனமில்லை.

நான் சொல்வது ரொம்ப எளிமையான விஷயம். இடத்துக்கு வாடகை வாங்குங்கள். நிற்கிற நேரத்துக்கும் அடைக்கிற இடத்துக்கும் ஏற்ற வாடகை. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறேழு பைக் நிற்கும் என்றால், பைக்குக்கு ஆறில் ஒரு பங்கு போதும். ஆம்புலன்ஸுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கும் காசு வேண்டாம்.

இது ஏதோ என் சொந்தச் சரக்கு அல்ல. நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்புக்கேற்ப இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. ஜப்பானில் 1962-ல் சட்டம் போட்டுவிட்டார்கள்: நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டாமல் அங்கே சாதாரணமாகக் கார் வாங்க முடியாது. வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் சிக்கிமிலும் அப்படித்தான். சென்னையிலும் இதைக் கொண்டுவரலாம் என்ற பேச்சு நடந்தது. உடனே எழுந்த கூச்சலைக் கேட்டிருப்பீர்கள். பெட்ரூமில் கட்டில் போட இடமில்லை என்றால் நாம் கட்டில் வாங்குவதில்லை. காருக்கு மட்டும் இந்தப் புத்தி வருவதில்லை.

வியாபாரிகளுக்கு ஒரு பயம். காசு வாங்கினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று. ஐயா, உங்கள் கடை வாசலில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்பது வாடிக்கையாளரின் வண்டியா, உங்கள் சொந்த வண்டியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பாண்டி பஜாரில் 2019-ல் கார் நிறுத்தும் இடத்தைச் சுருக்கி நடைபாதையை அகலப்படுத்தினார்கள். கடைகள் மூடிக்கொண்டு போய்விடவில்லை. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிற தெருவில்தான் ஜனங்கள் நின்று நிதானமாக வாங்குவார்கள்.

இன்னொரு எதிர்ப்பு உண்டு. அது நியாயமானது. “காசு வாங்கச் சொன்னா, குத்தகைக்காரன் கொள்ளையடிப்பான் சார்.” உண்மை. ஓர் ஊரில் சீட்டில் பத்து ரூபாய் அச்சடித்திருக்க, என்னிடம் முப்பது கேட்டார் ஒருவர். ஏன் என்று கேட்டேன். முறைத்தார். கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அளவுக்கல்லை ஏமாற்றும் கடைக்காரர் இருக்கிறார் என்பதற்காக அரிசியை இலவசமாகக் கேட்கிறோமா? தராசைச் சரி செய்யத்தானே சொல்கிறோம்?

அதற்கு வழி இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-ல் இதைப் பற்றி ஒரு தலையணைப் புத்தகமே எழுதினார். 2025-ல் காலமானார். அவர் சொன்னதில் முக்கியமானது: எந்தத் தெருவில் வசூலிக்கிறாயோ, அந்தக் காசை அந்தத் தெருவுக்கே செலவழி. கலிஃபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரின் பழைய கடைவீதியில் 1993-ல் இப்படிச் செய்தார்கள். மீட்டர் காசில் நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, தெரு சுத்தமானது. எதிர்த்த கடைக்காரர்களே பிறகு ஆதரித்தார்கள்.

நம் நகராட்சிகள் செய்ய வேண்டியதும் இதுதான். தெருமுனையில் கட்டணப் பலகை. கையில் மெஷின், அதிலிருந்து ரசீது. மாதா மாதம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று அதே தெருவில் ஒரு போர்டு. முதல் செலவு நடைபாதை. இரண்டாவது செலவு பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை. நடைபாதையில் ஏறி நிற்கும் வண்டி யாருடையதாக இருந்தாலும், மேலே என்ன கொடி, என்ன ஸ்டிக்கர் இருந்தாலும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசிப் பாயிண்ட்தான் கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

வேலூர் மாநகராட்சி ஊர் முழுக்கச் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கடைவீதியில், ஒரே ஒரு வருஷம் செய்து காட்டட்டும். என் பெரியம்மா கோலை ஊன்றிக்கொண்டு அந்தத் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, சாலையில் இறங்காமல் நடந்து முடித்தால் திட்டம் வெற்றி. வேறு ஆய்வறிக்கை எதுவும் வேண்டாம்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை. கார் வாங்கியது உங்கள் சம்பாத்தியம். சந்தோஷம். தெரு உங்கள் சம்பாத்தியம் அல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு வாருங்கள். சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கும் ஆடுகளைக் காட்டுகிறேன்.

ஆடே கொடுக்கிறது. பத்து லட்ச ரூபாய் காரால் முடியாதா?